காலண்டரில் செத்தவர்

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்த ரெங்கம்மாவிடமிருந்து சுனாமியன்று கடல் பறித்தது ஒரே ஒரு மகனைத்தான். அது போதாது என்றார் சிவஞானம்.

போர்ட் பிளேர் முகாமுக்கு வந்த தொண்டு நிறுவனத்துக்காரர் அவர். ரெங்கம்மாவையும் மகள் சித்ராவையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டு, “அக்கா, இங்க எல்லாருமே பிள்ளையைப் பறிகொடுத்தவங்கதான். உங்க புருஷனும் போயிட்டாருன்னு போட்டுக்கறேன். படிக்கிறவங்க மனசு இளகும். சித்ராவை நர்ஸ் படிப்புல சேர்த்துடலாம்” என்றார்.

புருஷன் பெரியதம்பி அப்போது அரிசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ரெங்கம்மா வாயே திறக்கவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிகிறவளுக்கு வேறெது பெரிதாகத் தெரியும்? நன்கொடை திரட்ட அந்த நிறுவனம் அச்சடித்த காலண்டரில், தகப்பனில்லாத பெண் என்ற வரியோடு படம் வந்தது. சித்ரா படித்தாள், நர்சும் ஆனாள்.

ஏழு வருஷம் கழித்து, போர்ட் பிளேரின் புரோத்ராபூரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தாள் குட்வில் எஸ்டேட் பகுதியில் வசித்த விசாலாட்சி. ஆஸ்பத்திரியில் தன்னைக் கவனித்துக்கொண்ட சித்ராவை மகன் முத்துகிருஷ்ணனுக்குக் கட்டிவைக்க அவளுக்கு ஆசை. சித்ராவோ, அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அவனை நினைத்தே இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உட்கார்ந்ததும் விசாலாட்சி பையிலிருந்து அந்தப் பழைய காலண்டர் தாளை எடுத்தாள்.

“இதைப் பூஜை ரூம்லயே வச்சிருந்தேன் சம்பந்தி. தகப்பனில்லாத பொண்ணுன்னு அன்னிக்கே அழுதேன். அவளே என் மருமகளா வரப்போறா, பாருங்க! ஆனா ஒண்ணு, எனக்குப் பொய் மட்டும் ஆகாது. போன மாசம் ஒரு இடத்துல பொண்ணு வயசை ரெண்டு குறைச்சாங்க. காபியைக்கூடத் தொடாம எழுந்து வந்துட்டேன்.”

ரெங்கம்மாவின் கை தானாக முந்தானையை இழுத்துக் கழுத்தோடு போர்த்தியது. தாலிக்கயிறு மறைந்தது.

சமோசாப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார் பெரியதம்பி. அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது.

“இவரு?”

சொன்னால் மகளின் வாழ்வு போகும். சொல்லாவிட்டால், தாலி கட்டியவரைத் தானே கொன்றவளாவாள். ஐயோ, எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதி வரக்கூடாது!

“பக்கத்து வீடும்மா” என்றார் பெரியதம்பி. “சூடா இருக்கு, கொடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அச்சா! தங்கமான மனுஷங்க. நீங்களும் கல்யாணத்துக்கு வந்துடுங்க. அப்பா இல்லாத பொண்ணு, தாரை வார்க்க எங்க அண்ணனும் அண்ணியும் நிப்பாங்க. எல்லாம் பேசி வச்சுட்டேன்.”

“ரொம்ப சந்தோஷம்மா.”

குரல் பிசகவே இல்லை. பிசகியிருந்தால் ரெங்கம்மா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

டீத் தட்டோடு வந்த சித்ரா, “அப்...” என்று ஆரம்பித்தாள். பெரியதம்பி கண்ணைக் காட்டினார். பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விசாலாட்சி அவளை இழுத்து உட்காரவைத்துத் தலையில் பூ வைத்தாள்.

பெரியதம்பி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஜன்னல் வழியே விசாலாட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல், பக்கத்தில் வங்காளிக் குடும்பம் இருந்த வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு அவர் உள்ளே போனார்.