பச்சையாகாத மெஷின்களும் என் கல்யாண லீவும்

சிஸ்டம் அட்மின் வேலைங்கிறது, உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லா கம்ப்யூட்டருக்கும் கட்டளை போட்டுட்டு, எது கேட்கலைன்னு ஒவ்வொரு மேஜையா போய்த் தேடற வேலை. என்னை மாதிரியே மேஜைக்கடியில குனிஞ்சு மண்டையை இடிச்சுக்கிட்ட சகஜீவன்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எங்க ஆபீஸ் தாம்பரம் சானடோரியம் பக்கம். அங்கே சிஸ்டம் ஆள் நான் ஒருத்திதான். திங்கட்கிழமை ஆடிட்டர் வர்றார்னு மானேஜர் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரு பாலிசி, அதாவது ஒரு கட்டாய விதி, போடச் சொன்னார்: அஞ்சு நிமிஷம் யாரும் தொடலைன்னா ஸ்கிரீன் தானா பூட்டிக்கணும், பாஸ்வேர்டு போட்டாத்தான் திறக்கணும். பாலிசி ஏறின மெஷின் என் ஸ்கிரீன்ல பச்சையா தெரியும், ஏறாதது சிவப்பு. இதுல என்ன கூத்துன்னா, அதே திங்கட்கிழமைதான் எனக்குக் கல்யாணம். காலையில சர்ச்சு, சாயந்திரம் ரிசப்ஷன். மானேஜர் ஈவு இரக்கமே இல்லாம சொல்லிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் பச்சையாகணும். ஒண்ணு சிவப்பா இருந்தாலும் லீவு கிடையாதும்மா!"

சந்தனப் பொட்டு

முதல் சிவப்பு, அக்கவுண்ட்ஸ் வசந்தா அக்கா மெஷின். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா பாலிசி ஏறிடும். ஆனா அக்கா ஆயுத பூஜையிலேருந்து அதை ஆஃப் பண்ணவே இல்லை! ஏன்னா, பூஜையன்னிக்கு நல்லா வட்டமா இருக்கேன்னு பவர் பட்டன் மேலேயே சந்தனமும் குங்குமமும் வச்சுட்டாங்க. ஆஃப் பண்ணினா மறுபடி பட்டனை அழுத்தணும், அழுத்தினா பொட்டு அழிஞ்சிடும். அதனால தினமும் மானிட்டரை மட்டும் அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க.

நான் மவுஸைப் பிடிச்சதுமே அக்கா பட்டனைக் கையால மூடிக்கிட்டாங்க. "அக்கா, பட்டனைத் தொடவே மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டு மெனுவிலேருந்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். அணைஞ்சு, தானா எழுந்து, பச்சையாச்சு. அக்காவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு: "பொட்டு அழியாம பண்ண முடியும்னு முன்னாடியே சொல்லக்கூடாதா? பாவம்மா, இத்தனை மாசமா அது தூங்கவே இல்லை!"

பத்து நிமிஷம் ஃபாஸ்ட்

அடுத்தது பில்லிங் தேவராஜ் அண்ணன். பொத்தேரியில வீடு. சாயந்திரம் செங்கல்பட்டு லோக்கல் ரயிலை விட்டுடக் கூடாதுன்னு கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சிருந்தார். எல்லா மெஷினையும் ஆளற எங்க சர்வருக்கோ அஞ்சு நிமிஷத்துக்கு மேல நேரம் மாறியிருந்தா, 'நீ யாருன்னே எனக்குத் தெரியாது'ன்னு முகத்தைத் திருப்பிக்கிற குணம். நேரத்தைச் சரி பண்ணினேன், பச்சையாச்சு. துள்ளிக் குதிச்சுட்டு வந்தா, மறுநாள் காலையில மறுபடி சிவப்பு. கெட்டிக்காரர் திருப்பித் தள்ளி வச்சுட்டார்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரா கடைக்குப் போய் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிட்டு வந்து, அதைப் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா வச்சு, அவர் மேஜைக்கு எதிரே மாட்டினேன். "இனி இதைப் பார்த்துக் கிளம்புங்க, கம்ப்யூட்டரை விட்டுடுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். மெஷின் பச்சையாச்சு. ரெண்டு நாள்ல அண்ணன் வாயெல்லாம் பல்லா வந்தார்: "மேடம், இப்பல்லாம் எங்க மொத்த செக்‌ஷனும் பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிடுது!"

நாலு மணி டீ

இன்னொரு கூத்து. தினமும் நாலு மணிக்கு ஒரு வரிசை மெஷின்கள் என் ஸ்கிரீன்லேருந்து முழுசா காணாமப் போகும். ஓடிப் பார்த்தா, அந்த வரிசைக்கு நெட் போற பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டு டீ கெட்டிலைச் சொருகியிருக்கார் பேன்ட்ரி ஏகாம்பரம் அண்ணன். "அண்ணா, என் கல்யாணமே இந்தப் பெட்டியிலதான் இருக்கு!"ன்னு அலறினேன். அவர் நிதானமா ஒரு டீயை என் கையில கொடுத்துட்டுச் சொன்னார்: "அட போ மேடம், அது சும்மா கண்ணு சிமிட்டிகினு கீது, ஒரு டீயாவது போடுதா?"

கடைசி சிவப்பு

கெட்டிலுக்கு வேற பிளக் பாயிண்ட் காட்டிக் கொடுத்தப்புறம், வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒண்ணே ஒண்ணுதான் சிவப்பு. அது யாருதுன்னு எனக்கு நல்லாவே தெரியும், சொல்லத்தான் வாய் வரலை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே ஒருத்தர், "எந்த ரூலும் என் மெஷின் பக்கம் வரக்கூடாது"ன்னு சொல்லி விலக்கு வாங்கியிருந்தார். மானேஜர் என் ஸ்கிரீனைப் பார்த்ததும் எகிறினார். "யாரது? இப்பவே என் ரூமுக்கு வரச் சொல்லு!"

"சார், அந்த மெஷின் உங்க ரூம்லதான் இருக்கு"ன்னேன்.

மனுஷன் சுவத்தைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். அப்புறம், "சரி, விலக்கைத் தூக்கிடு"ன்னார். அங்கேயே தூக்கினேன். கொஞ்ச நேரத்துல மொத்த ஸ்கிரீனும் வயல் மாதிரி பச்சை! சந்தோஷத்துல எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அவரே விரட்டினார்: "இன்னும் என்ன நின்னுட்டிருக்கே, போய் மருதாணி வையும்மா!"

மேடையில

திங்கட்கிழமை ரிசப்ஷன். மாலையும் கழுத்துமா, சிறுசேரியில வேலை பார்க்கிற மாப்பிள்ளை பக்கத்துல நின்னு சிரிச்சுச் சிரிச்சு தாடை வலிச்சுது. வரிசையில கிஃப்ட் பொட்டலத்தோட மானேஜர் வந்தார். "ஆடிட் கிளியர்மா! என் மெஷினை என்னாலேயே திறக்க முடியலை. இவ்வளவு பந்தோபஸ்தை எங்கேயுமே பார்த்ததில்லைன்னு ஆடிட்டர் பாராட்டிட்டுப் போயிட்டார்"னார். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. விலக்கு இருந்தவரைக்கும் அவர் மெஷின் பூட்டினதே இல்லை, அவரும் பாஸ்வேர்டு போட்டதே இல்லை. காலையிலேருந்து மனுஷன் பூட்டின ஸ்கிரீன் முன்னாடி சும்மா உட்கார்ந்திருக்கார், என் போனோ மணப்பெண் அறையில சுவிட்ச் ஆஃப்.

போட்டோகிராபர், "சார், இங்க பாருங்க"ன்னு கெஞ்சறார். மானேஜர் என் காதுகிட்ட குனிஞ்சார்: "நூறு வருஷம் நல்லா இரும்மா... அது சரி, என் பாஸ்வேர்டு என்னம்மா?"

எல்லா மெஷினுக்கும் பாலிசி போய்ச் சேர்ந்தாச்சு, லீவுன்னா லீவுங்கிற பாலிசி மட்டும் இன்னும் எங்க மானேஜருக்குப் போய்ச் சேரலை.