கோவா நாற்றும் சுவர்ச் சுண்ணாம்பும்

என் மனைவி மேரிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மலையேறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை. மடுல்சீமைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் தேயிலை பிடுங்கிய துண்டு நிலம் கிடந்தது. அதில் முட்டைக்கோவா போட்டுப் பிழைக்கலாம் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன்.

தேயிலை மண் புளிப்பு, கோவாவுக்கு ஆகாது. கொஞ்சம் டொலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்து, மூன்று கிழமை, இருபத்தொரு நாள், விட்டு நடச் சொன்னார் லுணுகலை உரக்கடைக்காரர். நத்தார்ப் பண்டிகைக்குச் சுவரில் அடித்த சுண்ணாம்பு ஒரு மூட்டை மீதி இருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று அதையே அள்ளிக் கொட்டினேன். மறுநாளே நடப் போனேன்.

“மூணு கிழமை பொறுக்கச் சொன்னாங்கள்ல?” என்றாள் மேரி.

“மழை நின்னுரும். தேயிலைக்கு ஒரம் போட்டுட்டு என்னைக்குக் காத்திருந்தோம்?”

“ஆமாங்க, பெரிய தொரை சொல்லிட்டாரு.” சிரித்துக்கொண்டே நாற்றை நீட்டினாள். ஒரு மாதம் அடுப்படி ஜன்னலில் வைத்து அவள் வளர்த்தவை.

எட்டாம் நாள் எல்லாம் கருகிக் கிடந்தன. மேரி ஒன்றைப் பிடுங்கினாள். சுண்ணாம்புச் சூட்டில் வேர் பொசுங்கியிருந்தது. ஏசுவாள் என்று நின்றேன்.

“கொழுந்துக் கூடைய எங்க வச்சேன்?” என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆளெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள். ஒவ்வொரு படியிலும் காலைக் கையால் தூக்கி வைத்து ஏறியதைப் பார்த்தேன்.

இருபது வருஷம் மண் கொத்தியவன் நான். மண்ணைத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவள் இன்னும் போகிறாள். அந்தத் துண்டில் இப்போது புல் முளைத்திருக்கிறது. மண் ஆறிவிட்டது போல. மறுபடி நடலாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.