பச்சை நுனிப் பலகை

என் கணவர் இறந்தபின் அவருடைய கட்டடக் கொந்திராத்து வேலையை நான் நடத்தினேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பார்கள். மேசன்மாரை மேய்க்கிறவளுக்கு அது கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும்.

அது யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பொறுப்பில் ஒரு மாடிவீடு எழும்பிக்கொண்டிருந்தது. கூலியாட்களைத் தலைமை மேசனான பாஸ்தான் கூட்டி வருவார். சம்பளமும் அவர் கையால்தான் போகும். ஏதும் நடந்தால் 'பாஸின் ஆள்' என்று கைகழுவிவிடலாம். கொழும்பில் எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

ஒருநாள் சாரக்கட்டுப் பலகை முறிந்து, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இளைஞன் ஒருவன் விழுந்தான். கால் முறிந்தது, கையும் முகமும் கிழிந்தன. பாஸ் பயத்தில் தன் ஊரான களனிக்கு ஓடிவிட்டார். ஆஸ்பத்திரியில் நின்ற பொலிசுக்கு அது விபத்தாகத் தெரியவில்லை. தமிழ் இளைஞன், உடம்பெல்லாம் காயம், வேலை கொடுத்தது யார் என்று சொல்ல ஆளில்லை. குண்டு செய்யப் போய்ப் பட்ட காயம் என்றார்கள். மறுநாள் அவனை விசாரணைக்குக் கொண்டுபோவதாக இருந்தது. அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது.

கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடைக்கு, எங்கள் சட்டத்தரணியிடம் ஓடினேன்.

"அக்கா, உங்கட ஆள் எண்டு வாய் திறந்தா நட்டஈடு, வழக்கு எல்லாம் உங்கட தலையிலதான். வேலியால போற ஓணானைப் பிடிச்சு மடியில விடாதேங்கோ. முதல்ல அந்தப் பலகையை எரியுங்கோ."

பலகையில் என் அடையாளம் இருந்தது. எங்கள் தொழிலில் ஒவ்வொருவரும் தம் பலகை நுனிக்கு ஒரு நிறம் பூசுவோம். இல்லாவிட்டால் அதற்குக் கால் முளைத்து அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். என்னுடையது பச்சை.

"அவன்ர உயிர் உங்களுக்கு ஓணானோ, தம்பி?" என்று கேட்டுவிட்டு எழும்பினேன்.

முறிந்த பலகையின் ஒரு பாதியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதைப் பொலிஸ் அதிகாரியின் மேசையில் வைத்து, இது என் பலகை, உள்ளே உளுத்திருந்தது, விழுந்தவன் என் வேலையாள் என்று சிங்களத்தில் சொன்னேன். புதிதாகப் பூசியதோ என்று அவர் பச்சையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஆள் அனுப்பினார். கட்டடத்தில் மற்றப் பாதி கிடந்தது, பச்சை நுனியோடு ஒரு அடுக்குப் பலகையும் இருந்தது.

"நோனா, இது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும், தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தெரியும் என்றேன். அவனுடைய கட்டிலடியில் நின்ற பொலிஸ் காவலை அன்றைக்கே எடுத்தார்கள்.

அவர் சொன்னபடியே திரும்பியது. நட்டஈட்டு விசாரணையில் அந்த இளைஞன் ஊன்றுகோலோடு எதிர்ப்பக்கம் இருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே இருந்தான்.

"நிமிந்து இரும் தம்பி. நீர் கேக்கிறது உம்மட உரிமை," என்றேன். என் சட்டத்தரணி தலையில் கை வைத்தார்.

பலகையை மேசையில் வைத்தார்கள். யாருடையது என்று கேட்டார்கள்.

"என்ர," என்றேன்.