தேயாத சித்தப்பா

தெமோதரை ஸ்டேஷனில் ரயில் நின்றதும் சித்தப்பா தன் புதுக்காலைத்தான் முதலில் ஊன்றி இறங்கினார். எழுபதுகளின் தொடக்கம் அது. தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்ப்பவர் அவர். ஓடிக்கொண்டிருந்த பெல்ட் இழுத்து, முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, பிறகு கொழும்புக்குப் போய் மரக்காலோடு திரும்பியிருந்தார். அழத் தயாராக நின்ற சித்தியிடம், "தேயிலைக்குள்ள அட்டைகூட இந்தக் காலக் கடிக்காது புள்ள" என்றார். சித்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

நிற்க முடியாதவருக்கு வேலையில்லை என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். வேலை போனால், குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும். அடுத்த வாரமே மலையேறிப் போய், தோட்டத்தை நடத்தும் துரையின் கண்ணெதிரே மாலைவரை மெஷினருகில் நின்றார். வீட்டுக்கு வந்து மரக்காலைக் கழற்றியபோது உள்ளே சுற்றியிருந்த துணியெல்லாம் இரத்தம். ஆனால் வேலை நிலைத்தது.

அதோடு அவருக்கு ஒரு நம்பிக்கையும் பிறந்துவிட்டது. மெஷினுக்குச் செய்வதுபோல மனிதனுக்கும் தேய்ந்ததையெல்லாம் மாற்றிக்கொண்டே போகலாம் என்பார். பல் செட் வந்தது, காது மெஷின் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த என்னைக் கண்டால் விடமாட்டார். "தலைக்குள்ள இருக்கறத அலுங்காம எடுத்து இரும்பு ஒடம்புல வச்சிட்டா சாவே கிடையாது, தெரியுமா டீச்சரம்மா?"

"அந்த இரும்பு ஆளுக்கு நான் சோறாக்க மாட்டேன்" என்று அடுப்படியிலிருந்து சித்தி குரல் கொடுப்பாள்.

மனதை இயந்திரத்தில் ஏற்றி வைக்க விஞ்ஞானிகள் பார்க்கிறார்களாம். இப்போது பத்திரிகையில் இதைப் படிக்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வருகிறது. ஏனென்றால் எண்பதுகளில் அவருக்குத் தேய்ந்தது ஞாபகம். ஆட்களின் பெயர்கள் போயின, பிறகு வீட்டுக்கு வரும் வழி, கடைசியில் தன் கதையே மறந்துபோனது. கால் எப்படிப் போனது என்று அவரே கேட்பார். சித்தி முதலிலிருந்து சொல்வாள், கலியாணத்தன்று மழையில் பந்தல் சரிந்தது உட்பட. யாருக்கோ நடந்ததுபோல் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்னப் பத்தி இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே, நீங்க யாரும்மா?" என்றார். சித்தியை ஆயுள் முழுக்கப் 'புள்ள' என்று கூப்பிட்ட மனிதர்.

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கூட இருக்கறவதாங்க."

அவர் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஒடம்பப் பாத்துக்குங்க. நீங்க போயிட்டா நானும் இல்லாமப் போயிருவேன்."

அதுவரை தன் பிரஷர் மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, விழுங்கிவிட்டதாகப் பொய் சொல்லிவந்தவள் சித்தி. அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவில்லை. அவர் கண்மூடும்வரை, அவருடைய கதையைச் சொல்ல அவள் இருந்தாள்.