புத்தகத்தைத் தொடாத சாட்சி

இந்த நாட்டில் கோர்ட்டுத் தீர்ப்புகளை வலைத்தளத்தில் போட்டுவிடுகிறார்கள். பஸ் நேர அட்டவணை மாதிரி யாரும் எடுத்து வாசிக்கலாம். போன கிழமை வேலைக்குப் போகிற அவசரத்தில், லண்டன் ஃபாரஸ்ட் கேட் ஸ்டேஷன் வாசலில் நின்றபடி, ஃபோனில் அப்படி ஒன்றை வாசித்தேன். குகனுடைய மேல்முறையீட்டுத் தீர்ப்பு. ஒவ்வொரு பந்திக்கும் இலக்கம் போட்டிருந்தார்கள். இருபத்து மூன்றாம் பந்தி என்னைப் பற்றியது. சாட்சி சொன்ன காரணத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று மூன்று நீதிபதிகளும் ஒரே குரலில் எழுதியிருந்தார்கள். நெஞ்சு ஒருதரம் குளிர்ந்தது. அடுத்த பந்தியில், ஆனாலும் குற்றத்தீர்ப்பு ‘சேஃப்’, அதாவது மாற்றத் தேவையில்லை, என்று இருந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. எனக்கு வந்த கோபத்தில் ஃபோனைத் தெருவில் வீசியிருப்பேன்.

குகன் எனக்குச் சொந்தக்காரன் இல்லை. மன்னார்ப் பக்கத்துப் பெடியன், எட்மண்டனில் இருந்தான், நான் வேலை செய்யும் பெட்ரோல் நிலையத்தில் ஐந்து வருடம் என்னோடு நின்றான். ஒரு சனிக்கிழமை மத்தியானம், குடித்து நிறைவெறியில் வந்த ஒருவனுக்கு பியர் விற்க மாட்டேன் என்றான். விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். அந்த ஆள் வெளியே போய், திரும்பி வந்து, வாசலில் வைத்துக் குகனின் கழுத்துச் சட்டையைப் பிடித்தான். குகன் அவனைத் தள்ளினான். ஒரே ஒரு தள்ளு. ஆள் நடைபாதை விளிம்பில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கமரா கல்லாவையும் பம்புகளையும்தான் பார்க்கும், வாசலைப் பார்க்காது. நான் வாசலடியில் பால் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கண்டவன் நான் ஒருவன்தான். வெறிகாரனோடு வந்த கூட்டாளிகள் இரண்டு பேர், குகன்தான் ஓடிவந்து அடித்தான் என்று பொலிசுக்குச் சொல்லியிருந்தார்கள். குகன் மேல் வழக்கு வந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில், எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியனைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியதை என் கண்ணால் பார்த்தேன். விசாரிக்க வந்தவர்களிடம், “நான் ஒண்டும் காணேல்லை” என்றேன். அவனுடைய தாய் பக்கத்தில்தான் நின்றாள். அங்கே உண்மை சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் என் பொய்யில் யாரும் ஏமாறவில்லை. இங்கே வந்து இருபத்தேழு வருடமாயிற்று, பிரஜாவுரிமைச் சத்தியமும் எடுத்தாயிற்று, இனியாவது கண்டதைக் கண்டேன் என்று சொல்லலாம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டேன்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்னர் ஊரில் அப்பா செத்துப்போனார். நான் மூத்த பிள்ளை. தம்பி ஃபோனில் அழுதான்.

“அண்ணை, வாறீங்களோ? எத்தினை நாள் வைச்சிருக்கிறது?”

“ஏலாதடா. கோர்ட் இருக்கு. கொள்ளியை நீயே வை.”

இதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். செத்தவீட்டை ஃபோன் திரையில் பார்த்தேன், இன்டர்நெட் இழுபட்டு இழுபட்டுத்தான் தெரிந்தது. நான்காம் நாள் குளித்துச் சவரம் செய்யாமல் கோர்ட்டுக்குப் போனால், அறை காலியில்லை என்று வழக்கை இரண்டு கிழமை தள்ளிவைத்தார்கள்! எவ்வளவு சுலபமாகச் சொன்னார்கள். முதலே சொல்லியிருந்தால் அந்த நான்கு நாளில் நான் போய் அப்பாவைப் பார்த்து அனுப்பிவிட்டு வந்திருக்கலாமே.

குகனுக்கு இதைச் சொல்லவில்லை. சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவனும் வழக்கு முடியும்வரை பேசக் கூடாது என்று குகனின் லோயர் சொல்லியிருந்தார், அது ஒரு காரணம். மற்றது எங்கள் பழக்கம். ஒருவன் தலை தப்புமா தப்பாதா என்று நிற்கிற நாளில், அவன் காரியத்துக்குள் சாவுச் செய்தியைக் கொண்டுபோகக் கூடாது. அவனுக்கு அது சரிவராது என்று நினைத்தேன். லண்டனில் மரண அறிவித்தல்கூடப் போட விடவில்லை. லோயரிடமும் மூச்சு விடவில்லை. மடையன் நான்.

அப்பா செத்துப் பத்தொன்பதாம் நாள் சாட்சிக் கூண்டில் ஏறினேன். கோர்ட்டுப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, எந்தப் புனித நூல் வேண்டும் என்று கேட்டாள், தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்கிற மாதிரி. அவள் கையில் துணி சுற்றிய கீதை இருந்தது. எங்கள் சைவக் குடும்பத்தில் கீதையை யாரும் திறந்ததில்லை. என்றாலும் சாமிப் புத்தகம் சாமிப் புத்தகம்தான். எனக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை கோயில் வாசல் மிதிக்க மாட்டேன், வீட்டில் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்க மாட்டேன். அந்தக் கையால் எப்படித் தொடுவது? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நோ புக்” என்றேன். அவள் முகம் மாறாமல் வேறொரு அட்டையைத் தந்தாள். கடவுள் பெயர் இல்லாத உறுதிமொழி. சட்டப்படி இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்று பின்னால்தான் அறிந்தேன்.

கண்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பிறகு அரச தரப்பு வழக்கறிஞர் அம்மா எழும்பினார். நீங்கள் இந்துவா என்று கேட்டார். யெஸ் என்றேன். கோயிலுக்குப் போகிறவரா? யெஸ், வெள்ளிக்கிழமைகளில். ஆனால் உங்கள் சொந்த மதநூலைத் தொட்டு உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்ய உங்களுக்கு விருப்பமில்லை, அப்படித்தானே? “நாட் அலவ்ட்” என்றேன். யார் விடவில்லை என்று கேட்டார். சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், கதை சொல்லாதீர்கள் என்று லோயர் காலையில் பத்துத் தரம் சொல்லியிருந்தார். அப்பா என்ற சொல்லை எடுத்தால் நான் அங்கேயே உடைந்துவிடுவேன் என்றும் தெரிந்தது. “பெர்சனல்” என்றேன். அந்த அம்மா ஜூரிமார் பன்னிரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இருந்தார். அவர்களில் ஒருத்தி எதையோ குறித்துக்கொண்டாள்.

அதற்கு முதல் நாள் அந்தக் கூட்டாளிகள் இருவரும் பைபிளைத் தூக்கிப் பிடித்து, ஆண்டவன் பெயரால் சத்தியம் செய்துவிட்டு, பச்சைப் பொய் சொல்லியிருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, கடைசியாக எப்போது சேர்ச்சுக்குப் போனீர்கள் என்று.

குகனுக்குப் பதினாறு மாதம். ஒரு வருடமோ அதற்கு மேலோ விழுந்தால், பிரஜாவுரிமை இல்லாதவனை நாடு கடத்துவார்கள். மனைவி இங்கே, ஆறு வயது மகள் இங்கே. தீர்ப்பு வந்த பிறகுதான் லோயரிடம் வாயைத் திறந்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பாவின் மரணச் சான்றிதழை மொழிபெயர்த்து, துடக்கு என்றால் என்ன என்று ஐயரிடம் கடிதம் வாங்கி, மேலே போனோம். ஒன்பது மாதம் காத்திருந்தோம். அந்த மூன்று நீதிபதிகளும் நம்பினார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய்யன் என்று எழுதியிருந்தால் திட்டிவிட்டு இருப்பேன். நான் சொன்னது உண்மை, கேட்டது பிழை, ஆனாலும் அவன் போகத்தான் வேண்டும் என்றால் இது என்ன நியாயம்? யாருக்குச் சேஃப்? அந்தப் பிள்ளை தகப்பனைத் தேடி அழுகிறதே, அதற்கா?

வழக்கு முடிந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை குகன் முதல் தரமாகச் சிறையிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்தான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அண்ணை, அப்பா மோசம் போனதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உன்ரை கேஸ் நேரம். சொல்லப்படாது எண்டு நினைச்சன்.”

“நீங்கள் ஊருக்குப் போயிருக்கலாம் அண்ணை. நான் எண்டால் போகச் சொல்லியிருப்பன்.”

மன்னாரில் அவனுக்கு இப்போது ஒருவரும் இல்லை. சண்டையில் கொஞ்சப் பேர், கடலில் கொஞ்சப் பேர் என்று எல்லோரும் போய்விட்டார்கள்.

“கொழும்பிலை இறக்கி விட்டா, உங்கடை வீட்டை போகட்டே? கொஞ்ச நாளைக்கு. தம்பி வேலைக்குப் போனா அம்மாவும் தனியத்தானே?”

“போ. கட்டாயம் போ. அம்மாவுக்குச் சொல்லுறன்.”

“யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டிலை இருந்து எந்த பஸ் அண்ணை? எந்தச் சந்தியிலை இறங்கிறது? இரவிலை போய் இறங்கினா ஆரிட்டையும் கேக்க ஏலாது.”

அந்த வீட்டை விட்டு வந்து இருபத்தேழு வருடம். தெரு அகட்டினார்கள், பஸ் இலக்கம் மாறியது, சந்தி ஆலமரத்தை வெட்டினார்கள் என்று தம்பி இடைக்கிடை சொல்வான், நான் ம் கொட்டுவேன். அப்பா செத்தபோதாவது போயிருந்தால் தெரிந்திருக்கும்.

“தெரியுமே அண்ணை?”

“ஓம், தெரியும்,” என்றேன். “எழுதி அனுப்புறன்.”

இந்த வழக்கில் நான் சொன்ன ஒரே பொய் அது. அதை அவன் உடனே நம்பினான்.