சகலை கழற்றிய போல்ட்

மாமனாருடைய பழைய ஜப்பான் காருக்கு அடியில் நான் மல்லாந்து கிடந்த அந்தச் சனிக்கிழமை மாலையை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடும். எஞ்சின் ஒயிலை வடிக்கும் போல்ட் மூக்குக்கு நேரே இருந்தது. அதன் ஆறு மூலையும் தேய்ந்து, பாதி சூப்பிய இனிப்பு மாதிரி உருண்டையாகியிருந்தது. தேய்த்தவன் நான்தான். மறுநாள் காலை மைத்துனனுக்குப் பெண் பார்க்க, குடும்பமே அந்தக் காரில் உடப்புசல்லாவைக்குப் போவதாக இருந்தது. "ஒயில் மாத்த எதுக்கு மாமா சகலை? நானே செஞ்சிர்றேன்" என்று வாய்விட்டிருந்தேன். காரணம் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்புகிற வயது எனக்குப் போய்விட்டது.

சகலை என் மனைவியின் அக்கா கணவர். நோர்வூட்டில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தார். நான் தோட்டத்து ஆபீசில் கிளார்க். மாமனார் ரிட்டயரான கண்டாக்கு, தோட்டத்து மேற்பார்வைக்காரர். மலையில் ஆட்களை வேலை வாங்கிய மனிதர். கைவேலை தெரிந்தவனைத்தான் மதிப்பார். கொட்டகலை வீட்டில் பைப் ஒழுகினால் சகலை, டீவி படம் ஆடினால் சகலை. என் மனைவியும் சேர்ந்துகொண்டு, "மச்சான் வந்தா பாத்துக்குவாரு" என்பாள். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்காது.

அன்று நான் பிடித்த ஸ்பானர் தேயிலை ஃபெக்டரியில் இரவல் வாங்கியது. அங்குள்ள மெஷின்கள் வெள்ளைக்காரன் காலத்தவை, எல்லாம் அங்குலக் கணக்கு. காரோ மில்லிமீட்டர். பார்வைக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனால் மயிரிழை பெரிது. முதல் இழுப்பிலேயே வழுக்கியது. அப்போதே விட்டிருக்கலாம். சகலையைக் கூப்பிடுவார்களே என்ற ஆத்திரத்தில் இன்னும் நாலைந்து தடவை இழுத்தேன்.

மாமனார் குனிந்து, "என்ன மாப்பிள்ள, வரலையா?" என்றார்.

"போன தடவ சகலை ரொம்ப இறுக்கிட்டாரு மாமா. தல தேஞ்சு கெடக்கு."

பொய் எவ்வளவு லேசாக வந்துவிட்டது! போன் போட்டு வரவழைத்த சகலை பஸ் பிடித்து வந்து சேர்ந்ததும், "இப்பிடியா இறுக்குறது?" என்று மாமனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சகலை காருக்கு அடியில் புகுந்து பார்த்தார். வெளியே வந்து, கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துத் திருப்பினார். என்னைப் பார்த்தார்.

"ஆமா மாமா, கொஞ்சம் கூடத்தான் இறுக்கிட்டேன்" என்றார்.

பிறகு போல்ட்டை விட ஒரு அளவு சின்ன சொக்கட்டை, குழல் மாதிரி ஸ்பானரை, அந்த உருண்டைத் தலையில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார். என் மனைவி டோர்ச் பிடித்தாள். நீளக் கைப்பிடியைப் போட்டு ஒரே இழுப்பு, போல்ட் கழன்றது. புது ஒயில் ஊற்றியாயிற்று, மறுநாள் எல்லாரும் போய்ப் பெண்ணும் பார்த்தாயிற்று. எனக்கு நன்றி வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் அவர் வழி வைக்கவில்லை.

பல வருடங்கள் போய்விட்டன. இந்தத் தீபாவளிக்கும் மாமனார் அந்தக் கதையை எடுத்தார். "பெரிய மாப்பிள்ள கெட்டிக்காரன்தான், இறுக்குறதுலதான் அளவு தெரியாது." சகலை சிரித்துக்கொண்டே இன்னொரு வடை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் தாங்கமாட்டாமல் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள், சேலையை மடித்துக்கொண்டே. "ஃபெக்டரி ஸ்பானர் போட்டுத் தேச்சிருக்காருன்னு மச்சான் அன்னைக்கே எங்கிட்ட மெதுவா சொன்னாரு."

"அப்ப ஏன் இத்தன வருஷமா ஒரு வார்த்த கேக்கல?"

"மச்சான்தான் வேணாம்னாரு. ஒங்க மனசு ஒடஞ்சிரும்னு."

இவ்வளவு காலமும் அவர்கள் இருவரும் எனக்காக ஒரு ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். அவள் என்னிடம் ஒளித்த ஒரே விஷயம் அவரோடு பங்கு போட்டுக்கொண்டது. அதை நினைத்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.