ஓடைக்குச் சுண்ணாம்பு அடித்த கலைச்செல்வி

றக்வானவிலிருந்து மலை ஏறும் பஸ், வளைவுக்கு வளைவு பயணிகளைக் காலையில் சாப்பிட்டதற்காக வருந்த வைத்துக்கொண்டே போகும். அந்த வருத்தம் உச்சத்துக்கு வரும் இடத்தில் தேயிலைத் தோட்டமொன்றின் மேற்பகுதியான மேல் டிவிஷன் இருக்கிறது. அங்கே கொழுந்து பறிப்பதில் கலைச்செல்வியைவிடக் கெட்டிக்காரிகள் உண்டு. சமையலிலும் உண்டு. சண்டையில் நிச்சயமாக உண்டு. ஆனால் ‘விசிட்’ என்று ஒன்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆளில்லை.

விசிட் என்பது ஒரு பெரிய மனிதர் வாகனத்தில் வந்து இறங்கி, சுற்றிப் பார்த்து, தலையசைத்து, திரும்பிப் போகும் சடங்கு. அவர் எதைப் பார்க்க வருகிறார் என்பது முக்கியமல்ல. அவர் கண்ணில் குறை எதுவும் படக்கூடாது என்பதுதான் முக்கியம். இந்த உண்மையைக் கலைச்செல்வி இளவயதிலேயே கண்டுகொண்டார். துரை மாறினாலும் கம்பனி மாறினாலும், விசிட் என்றதும் கங்காணி முதலில் தேடுவது அவரைத்தான். பாதையோரக் கல்லெல்லாம் வெள்ளையாகும். தண்ணீர் ஓடும் கான்கள் கண்ணாடியாகும். தேயிலைக்குத் தரச் சான்று கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தபோது, பலாமரங்களுக்கு இடுப்புவரை சுண்ணாம்பு அடித்ததோடு நிற்காமல், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் நாய்களையும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டிவிட்டார். அன்று நாய்கள் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் விடிய விடியக் கடித்துக்கொண்டன. சான்று மட்டும் கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்ட வெற்றிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கறை. ஒரு பெருமழைக்குப் பிறகு லயத்தில் அவர் வீட்டுச் சுவர் கூரையிலிருந்து தரைவரை வெடித்தது. புது வீடு யாருக்குத் தேவை என்று பார்க்க அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கலைச்செல்வி உடனே வேலையில் இறங்கினார். வெடிப்புக்குள் காகிதமும் சோற்றுப் பசையும் திணித்து, மேலே மூன்று பூச்சு சுண்ணாம்பு. வந்த அதிகாரி கல்யாணப் பெண் போல் நின்ற சுவரைத் தட்டிப் பார்த்து, “வீட்டை நல்லா வச்சிருக்கீங்க” என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார். வீடுகள் கீழ் டிவிஷனுக்குக் கிடைத்தன. அங்கே சுவர்கள் பொறுப்போடு இடிந்து கிடந்தன.

அடுத்த மழைக்கு வெடிப்பு மறுபடி வாயைத் திறந்தது. கலைச்செல்வி அதன்மேல் கலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டார். அவருடைய கணவர் செல்லையா, றப்பர் பால் வெட்டுபவர், அதிகம் பேசாதவர். அந்தக் கலண்டரைப் பார்க்கும்போது மட்டும் பேசுவார்.

“பாராட்டுன சொவரு எப்பிடி இருக்குன்னு பாத்தியா? உள்ள பல்லி குடும்பம் நடத்துது.”

“வாய மூடிக்கிட்டு தேத்தண்ணிய குடிங்க.”

இந்த நிலையில்தான் ஓடை விவகாரம் வந்தது.

லயத்துக்குக் குடிக்கத் தண்ணீர், குளிக்க மடு, துணி துவைக்கக் கல் எல்லாமே அந்த ஒரு ஓடைதான். மேலே காட்டிலிருந்து வருகிறது. அதற்குப் பெயர் கிடையாது, ‘ஆறு’ என்றால் போதும். காட்டுக்கும் லயத்துக்கும் நடுவே யாரோ ஒரு கொழும்புக்காரர் விடுதி கட்டினார். ‘இயற்கையோடு ஒன்றாகுங்கள்’ என்று வாசலில் பலகை. விருந்தாளிகள் இயற்கையோடு ஒன்றாவதற்கு வசதியாக, கக்கூசிலிருந்தும் குசினியிலிருந்தும் ஒரு தடித்த குழாயை ஓடைப்பக்கம் திருப்பப் பள்ளம் வெட்டத் தொடங்கினார்கள்.

டிவிஷன் கொதித்தது. மனு போனது. எல்லோரும் எதிர்பாராதபடி பதிலும் வந்தது. தண்ணீருக்குப் பொறுப்பான அலுவலகம் ஒன்று நாட்டில் இருக்கிறதாம். அதன் பெயர் நீளம் காரணமாக ஜீப்பின் ஒரு கதவில் தொடங்கி அடுத்த கதவில்தான் முடியும். அவர்களுடைய சட்டப்படி ஓடைகளுக்கும் வகுப்பு உண்டு. முதல் வகுப்பு ஓடைக்குள் யாரும் எந்தக் கழிவையும் விடக்கூடாது. இரண்டாம் வகுப்பு என்றால் சுத்திகரித்து விடலாம். சுத்திகரிப்பது என்றால், கழிவு ஒரு தொட்டியில் கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டு அதே வழியில் கிளம்பி வருவது. ஆக, ஓடை முதல் வகுப்பில் பாஸாக வேண்டும். இல்லையென்றால் விருந்தாளிகள் காலையில் கழித்தது மத்தியானம் லயத்துக் குடத்தில்.

பரிசோதிக்க அதிகாரி வரும் நாளை அலுவலகம் முன்கூட்டியே அறிவித்தது. மேல் டிவிஷனைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் செய்யும் தவறு அது.

கலைச்செல்வி சேலையை இழுத்துச் செருகினார். பெண்கள் தும்புக் கட்டைகளோடு மடுவில் இறங்கி, ஒவ்வொரு கல்லாகப் புரட்டித் தேய்த்தார்கள். பாசி போனது. சருகு போனது. கரைக் கற்கள் எல்லாம் சுண்ணாம்பில் ஜொலித்தன. இரண்டு மரங்களுக்கிடையே தென்னோலைத் தோரணம் ஏறியது. கடைசியாகக் கலைச்செல்வி கீழே பளீல் நானாவின் கடைக்குப் போய் ஒரு பை குளோரின் தூள் வாங்கி வந்து, மடுவின் தலைமாட்டில் தன் கையாலேயே தூவினார். அன்று லயத்துத் தேத்தண்ணியில் ஆஸ்பத்திரி வாசம் அடித்தது. யாரும் குறை சொல்லவில்லை. விசிட் என்றால் அப்படித்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் யும்னா என்ற இளம் அதிகாரி. முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, கையில் ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு. பொட்டும் மாலையும் வேண்டாமென்று சிரித்து மறுத்துவிட்டு நேரே தண்ணீரில் இறங்கினார். தண்ணீரின் அழகை அவர் பார்க்கவே இல்லை. ஒரு கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். இன்னொன்றைப் புரட்டினார். வலையை அலசித் தட்டில் கொட்டினார். தட்டு வெறுமையாகவே இருந்தது.

“இதில ஒரு பூச்சிகூட இல்லையே!”

கலைச்செல்விக்கு நெஞ்சு நிறைந்தது. “ஒன்னுகூட இருக்காது மிஸ். அடிக்கல்லு வரைக்கும் தொடச்சிருக்கோம்.”

“தொடச்சீங்களா?”

“தொடச்சது மட்டுமா, குளோரினும் போட்டிருக்கோம். நீங்க தைரியமா எங்கிட்டு வேணும்னாலும் பாருங்க.”

யும்னா கரைக் கல்லொன்றில் உட்கார்ந்தார். சுண்ணாம்பு காயாததால் எழுந்தபோது அலுவலகக் காற்சட்டையும் விசிட்டுக்குத் தயாராகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

“அக்கா, இந்தக் கல்லுகளுக்கு அடியில சின்னச் சின்னப் பூச்சிகள் இருக்கும். நல்ல தண்ணியில மட்டுந்தான் அது உயிர் வாழும். அது இருந்தா முதலாம் வகுப்பு. இல்லாட்டி, இந்த ஆத்துல ஏதோ கெட்டது கலந்திருக்குது எண்டுதான் நான் எழுதோணும்.”

“கெட்டதா? மிஸ், கலந்தது நாந்தானுங்க!”

“அது எனக்கு விளங்குது. என்ட தட்டுக்கு விளங்காதே.”

கரையில் நின்ற செல்லையா மெதுவாகச் சொன்னார்: “ஆத்துக்கும் கலண்டர் ஒன்னு மாட்டிட்டா.”

யும்னா இரக்கப்பட்டார். பார்த்ததை மாற்றி எழுத முடியாது. ஆனால் மழை முடிந்தபின் இன்னொரு தடவை பார்க்கச் சட்டத்தில் இடம் இருந்தது. அதற்குள் காட்டிலிருந்து வரும் தண்ணீரோடு பூச்சிகளும் இறங்கி வந்துவிடலாம். “எப்ப வருவேன் எண்டு மட்டும் கேக்காதீங்க. சொல்லவே மாட்டேன்.” தோரணத்துக்குக் குனிந்து ஜீப்பில் ஏறிப் போனார். விடுதிப் பக்கத்தில் மண்வெட்டிகள் உற்சாகமாக ஒலித்தன.

மறுநாள் கலைச்செல்வி பளீல் நானா கடை வாசலில் நின்றார்.

“நானா, பூச்சி கெடைக்குமா?”

“என்ன?”

“பூச்சிங்க. உசுரோட. ஒங்க அரிசி மூட்டையில இருக்குமில்ல?”

பளீல் தராசைக் கீழே வைத்தார். சாமான் வாங்க வந்த இரண்டு பேர் அரிசியை ஒருமுறை பார்த்தார்கள். “அல்லாவே! என்ட கடையில பூச்சியா? ஏன் புள்ள, போன கிழம பூச்சி சாக மருந்து கேட்டாய், இண்டைக்கி பூச்சி கேக்கிறாய். நாளைக்கி ரெண்டுக்கும் சண்டை மூட்டி உடவா போறாய்?”

அரிசிப் பூச்சி ஆற்றுக்குச் செல்லாது என்பதை அங்கிருந்தவர்கள் அவருக்கு விளக்கினார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒன்றுதான் வழி. கலைச்செல்விக்கு வாழ்க்கையில் யாரும் அவ்வளவு கடினமான வேலை கொடுத்ததில்லை.

ஆனாலும் எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. ஒன்றும் செய்யாமலிருப்பதையும் விசிட்டுக்குச் செய்வது போலவே செய்தார். மடுவில் சவர்க்காரம் கூடாது. வாளியில் அள்ளித் தூரத்தில் போய்த் துவைக்க வேண்டும். கல்லைப் புரட்டக்கூடாது. பாசியில் கால் வைக்கக்கூடாது. செல்லையா முகம் கழுவப் போனால் பின்னாலேயே போனார்.

“மெதுவா அள்ளுங்க. பூச்சி பயந்துக்கும்.”

“எனக்குப் பயப்படுற ஒரு உசுரு இந்த வீட்டுல இருக்குன்னா சந்தோஷந்தான்.”

மழை கொட்டியது. சுண்ணாம்பு கரைந்து போனது. சருகுகள் திரும்பி வந்தன. பாசி கற்களில் கம்பளம் விரித்தது. நாளுக்கு நாள் ஓடை கலைச்செல்வியின் கண்ணுக்குச் சகிக்க முடியாமல் போனது. கை அரிக்கும்போதெல்லாம் அவர் வீட்டுக்குப் போய் அடுப்பைத் தேய்த்தார். அடுப்பு தேய்ந்தது.

ஒரு பகல், கொழுந்து நிறுக்கும் நேரத்தில், ஜீப் சத்தம் கேட்டது. கலைச்செல்வி கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். யும்னா ஏற்கெனவே தண்ணீரில் நின்றார். மடுவின் நடுவே அழுகிய பலா இலை ஒன்று, ஊர் மானத்தையே வாங்குவது போல், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கலைச்செல்வியின் கை தானாக நீண்டது. பின்னாலேயே ஓடி வந்த செல்லையா அந்தக் கையை எட்டிப் பிடித்தார்.

“தொடாத!”

“ஒரே ஒரு எல தானுங்க...”

“தொட்டா ஒன்ன இரண்டாம் வகுப்புல போட்டுருவேன்.”

யும்னா அதே இலையை எடுத்துத் தட்டில் உதறினார். தட்டில் ஏதோ நெளிந்தது. இன்னொன்று மூன்று வாலை விசிறிக்கொண்டு ஓடியது. கல்லைப் புரட்டியபோது அடிப்பக்கம் முழுவதும் ஒரு சந்தை நடந்தது. வெட்கத்தில் கலைச்செல்விக்குக் காது சூடாகியது. பழக்கம் விடவில்லை. “மன்னிச்சுக்கங்க மிஸ்...” என்று தொடங்கியவர், சுதாரித்துக்கொண்டு, விற்பனைக்காரி போல் கையைக் காட்டினார். “இது கம்மி. அந்தப் பக்கம் வாங்க. அங்க இன்னும் அசிங்கமா இருக்கும்!”

யும்னாவின் சப்பாத்துக்குள் ஒரு அட்டையும் ஏறியது. கலைச்செல்வி அதையும் பெருமையாகவே காட்டினார்.

ஓடை முதல் வகுப்பில் பாஸானது. விடுதிக்காரர் குழாயைத் தோண்டி எடுத்து மறுபக்கம் தன் காணிக்குள்ளேயே குழி வெட்ட வேண்டியதாயிற்று. விருந்தாளிகள் இப்போது இயற்கையோடு உள்ளபடியே ஒன்றாகிறார்கள். அரசாங்கம் கரையில் ஒரு பலகை நட்டது. பெயரில்லாத ஓடைக்கு அதில் ஒரு பெயரும் பதிவு இலக்கமும் இருந்தன. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து அலுவலக விலாசத்துக்கே கடிதம் வரும் மேல் டிவிஷனில், சொந்தமாக விலாசம் பெற்ற முதல் குடியிருப்பாளர் அந்த ஓடைதான்.

சட்டம் எல்லோருக்கும் சட்டம் என்பதால், ஓடைக்குள் சவர்க்காரம் நிரந்தரமாகத் தடையாயிற்று. கலைச்செல்வியின் துவைகல், டிவிஷனிலேயே வழுவழுப்பான கல், இப்போது பூச்சிகளின் சொத்து. அவர் ஒருநாள் திட்டினார். அடுத்த நாளிலிருந்து, மற்ற யாராவது அந்தக் கல்லை நெருங்கினால் திட்டினார்.

போன மாதம் செய்தி வந்தது: வீடு பார்க்க மறுபடி அதிகாரிகள் வருகிறார்கள். கலைச்செல்வி யோசிக்காமல் பளீல் நானா கடைக்குப் போய்ச் சுண்ணாம்போடு திரும்பினார். வாளியில் கரைத்தும் விட்டார். சுண்ணாம்பு அடிக்கும் மட்டையைத் தோய்த்துச் சுவர் முன்னால் நின்றார். கலண்டரைக் கழற்றினார். வெடிப்பு பார்த்தது. பல்லியும் பார்த்தது.

அவர் கலண்டரை ஆணியில் திரும்ப மாட்டாமல் செல்லையாவின் கையில் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடந்தார். கரைத்த சுண்ணாம்பை வீணாக்க முடியாதல்லவா? தண்ணீரில் ஒரு சொட்டுச் சிந்தாமல், அரசாங்கப் பலகையின் இரண்டு கால்களுக்கும் இடுப்புவரை பூசினார்.

“அப்போ சொவத்துக்கு?” என்றார், அவர் திரும்பி வரும்வரை வாசலிலேயே காத்திருந்த செல்லையா.

“சொவரு அப்பிடியே இருக்கட்டும். வர்றவங்க கல்லப் பொரட்டிப் பாக்கட்டும்.” பிறகு பல்லியைப் பார்த்து அதட்டினார்: “நீ எங்கயும் போயிராத.”